கடலைப் பார்க்கும் நேரம்

“தம்பி, நீங்கள் உப்புவெளிதானே? இந்த நீலச் சட்டை மனுசி உண்மையாவே மீன் கள்ளிதானோ?”

திருகோணமலை பஸ் நிலையத்தில் பக்கத்தில் நின்ற ஒருவர் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டிக் கேட்ட கேள்வி இது. அவர் கெட்டவர் இல்லை. நேரம் போகக் கேட்டார். ஆனால் என்னால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை. அந்த மனுசியை எனக்குத் தெரியும். வீடியோ எடுத்தவரையும் தெரியும். நடந்தது என்ன என்பதுதான் தெரியாது. பஸ் வந்தது, அவர் ஏறிப் போய்விட்டார். பிறகு நான் உரியவர்களிடம் போய்க் கேட்டேன். அவர்கள் சொன்னதையே எழுதுகிறேன். பெயரைப் போடலாம் என்று இரண்டு பேரும் சொன்ன பிறகுதான் எழுதவும் தொடங்கினேன்.

வசந்தினியின் தகப்பன் குஞ்சித்தம்பிக்கு உப்புவெளிக் கரையில் ஒரு கரைவலை இருக்கிறது. விடியும்போது தோணி போய் வலையைக் கடலில் அரைவட்டமாக வளைத்துப் போட்டுவிட்டு வரும். இரண்டு பக்கத்துக் கயிற்றையும் ஆட்கள் கரையில் நின்று இழுப்பார்கள். வெயில் ஏறும் நேரம் வலையின் மடி மணலில் வந்து விழும். மடிக்குள் என்ன கிடக்கிறதோ அதுதான் அன்றைய உழைப்பு.

வசந்தினி உயர்தரம் படித்து முடித்துவிட்டுப் பட்டினத்தில் ஒரு போன் கடையில் வேலை செய்தாள். கண்ணாடி ஒட்டுவாள், சிம் விற்பாள், வயதானவர்களுக்கு வாட்ஸப் போட்டுக் கொடுப்பாள். முதலாளி அந்தக் கடையை ஒரேயடியாக மூடிவிட, வீட்டோடு இருந்தவளுக்குக் கையும் காலும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. காலையில் கரைக்குப் போய் நிற்பாள். துடிக்கத் துடிக்க வந்த மீனை வியாபாரியின் கூலர் வண்டி அவன் சொன்ன விலைக்கு அள்ளிக்கொண்டு போவதைப் பார்ப்பாள். அதே மீன் பட்டினத்துக்கு எப்போது, எப்படிப் போய்ச் சேருகிறது என்பதும் அவளுக்குத் தெரியும். கடையில் நின்ற காலத்தில் மத்தியானப் பார்சலைத் திறந்து, மணத்தைப் பார்த்து, திரும்ப மூடி வைத்தவள் அவள்.

அப்படித்தான் ‘கரைக்கு வந்த மீன்’ என்ற பேஸ்புக் பக்கம் தொடங்கியது. மடி கரைக்கு வரும் நேரம் அவள் லைவ் போடுவாள். பார்க்கிறவர்கள் வேண்டிய மீனைச் சொல்லுவார்கள். கயிறு இழுக்க வருகிற திலக்சன் தன் ஓட்டோவில் அதைப் பட்டினத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பான்.

தொடக்கத்தில் ஒருவரும் நம்பவில்லை. “ஐஸ் மீனுக்குத் தண்ணி தெளிச்சுக் காட்டுறாங்கள்” என்று ஒருவர் எழுதினார். “மருந்து அடிச்சதோ?” என்று இன்னொருவர் கேட்டார். வசந்தினி கோபிக்கவில்லை. பாரை மீன் ஒன்றைத் தூக்கிச் செவுளை விரித்துச் சிவப்பைக் காட்டினாள். கண்ணை விரலால் அமத்திக் காட்டினாள். தராசின் முகத்தைக் கமராவுக்குத் திருப்பி வைத்தாள். யார் என்ன கேட்டாலும் அந்த இடத்திலேயே, சிரித்த முகத்தோடு பதில் சொன்னாள். பதில் சொல்லாமல் விட்ட ஒவ்வொரு கேள்வியும் பார்க்கிறவர் மனதில் சந்தேகமாகப் போய் உட்கார்ந்துவிடும் என்று போன் கடையிலேயே படித்திருந்தாள்.

ஆனால் சனங்களை உண்மையில் நம்பவைத்தது மீன் இல்லை. ஒருநாள் மடி வெறுமையாக வந்தது. தொட்டால் அரிக்கும் சொறிமுட்டையும் சாதாளைப் பாசியும் நாலைந்து காரல் மீனும்தான் கிடந்தன. இழுத்தவர்கள் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்கள். வசந்தினி அன்றைக்கும் லைவ் போட்டாள்.

“இண்டைக்கு ஒண்டும் இல்லை. பாருங்கோ, மறைக்கிறதுக்கு ஒண்டுமில்லை. இண்டைக்கு எங்கட பேரைச் சொல்லி ஆரும் மீன் வித்தா வாங்காதேங்கோ,” என்றாள்.

அன்றைக்குத்தான் பக்கத்துக்கு ஆட்கள் குவிந்தார்கள். இல்லை என்று சொல்லத் தெரிந்தவள் பொய் சொல்ல மாட்டாள் என்று நினைத்திருப்பார்கள். உவர்மலையில் இருக்கும் ஆனந்தராசா என்ற ஓய்வுபெற்ற வங்கிக்காரர் அன்றே எழுதினார்: “தங்கச்சி, இனி எங்கட வீட்டுச் சட்டிக்கு உங்கட மீன்தான்.” அதன்பிறகு ஒரு லைவையும் அவர் தவறவிடவில்லை. “மறைக்கிறதுக்கு ஒண்டுமில்லை” என்பது வசந்தினியின் முத்திரை வார்த்தையாகிப் போனது. கயிறு இழுக்கும் பெடியன்கள் சாரத்தை மடித்துக் கட்டும்போதுகூட அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

அந்தக் கரையில் மறைத்துச் செய்கிற காரியம் ஒன்று இருந்தது. அது களவு இல்லை. வழக்கம்.

கயிற்றில் கை வைத்த எவருக்கும் கறிக்கு மீன் உண்டு. கூலிப் பங்கு வேறு, இது வேறு. தொடக்கத்திலிருந்து இழுத்தவனுக்கும் உண்டு, கடைசியில் ஓடிவந்து நாலு இழுவை இழுத்தவளுக்கும் உண்டு. ஆனால் அதை ஒருவரும் அள்ளிக் கொடுப்பதில்லை. மடியை மணலில் கொட்டியதும் குஞ்சித்தம்பி கால் கழுவப் போகிறேன் என்று தண்ணீரில் இறங்குவார். முழங்கால் அளவு நீரில், கரைக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவரவர் தங்கள் கறிக்கு எடுத்துக்கொள்வது அந்த நேரத்தில்தான். எடுக்கிறவரை மற்றவர்களும் பார்ப்பதில்லை. ஒருவர் கயிறு சுருட்டுவார், ஒருவர் வெற்றிலை மடிப்பார். அவர் திரும்பி வரும்போது குவியலின் ஓரம் கொஞ்சம் சரிந்திருக்கும். அதைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது.

ஏன் நீங்களே எடுத்துக் கொடுத்தால் என்ன என்று வசந்தினி முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

“நான் பாத்தா, நான் குடுத்ததாப் போகும் மகள். பாக்காட்டி, அவை தங்கட பங்கை எடுத்ததாப் போகும்,” என்றார் அவர்.

போனைக் கையில் பிடித்து லைவ் போட்ட காலத்தில் இதனால் ஒரு கரைச்சலும் வரவில்லை. தகப்பன் தண்ணீரில் இறங்கும்போது அவளும் தன்னை அறியாமல் கடல் பக்கம் திரும்பிவிடுவாள். பார்க்கிறவர்களுக்கு அலை தெரியும், தூரத்தில் கோணேசர் மலை தெரியும், குஞ்சித்தம்பியின் முதுகு தெரியும். “அப்பா கால் கழுவுறார், கொஞ்சம் பொறுங்கோ” என்பாள். பார்க்கிறவர்கள் அவருடைய முதுகுக்கும் இதயக்குறி போட்டார்கள்.

பிறகு அவள் ஒரு ஸ்டாண்ட் வாங்கினாள்.

போனை அதில் மாட்டி மணலில் ஊன்றிவிட்டால் இரண்டு கையும் சும்மா இருக்கும். மீனைத் தூக்கிக் காட்டலாம், நிறுக்கலாம். முதல் நாள் நல்ல மீன்பாடு. கீரிமீனும் பாரையுமாக மணலில் வெள்ளிபோல் குவிந்து கிடந்தது. தகப்பன் கடலில் இறங்கினார். வசந்தினியும் வழக்கம்போல் கடல் பக்கம் திரும்பித் தராசைக் கழுவினாள்.

ஸ்டாண்ட் திரும்பவில்லை.

யோகமலர் வசந்தினியின் வளவுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். கணவர் விழுந்து இடுப்பு உடைந்து படுக்கையில் இருக்கிறார். யோகமலர் காலையில் கொஞ்சம் கயிறு இழுத்துவிட்டு, பிறகு கடற்கரையில் உள்ள ஒரு விருந்தினர் விடுதியின் குசினிக்குச் சமையல் வேலைக்குப் போவார். அன்று அவர் போட்டிருந்தது நீலச் சட்டை. குவியலுக்குக் கிட்டப் போனார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். குனிந்து ஒரு கை கீரியும் ஒரு பாரையும் எடுத்துப் பாவாடைக் கொசுவத்துக்குள் வைத்துக்கொண்டு விறுவிறென்று போனார். இத்தனை காலமும் அப்படித்தான் எடுத்தார், கூச்சத்தோடு. கூச்சமும் களவும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரேமாதிரித்தான் இருக்கும்.

வசந்தினி திரும்பிப் போனிடம் வந்தபோது எழுத்துகள் மேலே மேலே ஓடிக்கொண்டிருந்தன. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். ஆனந்தராசா எழுதியிருந்தார்: “தங்கச்சி, பின்னால நீலச் சட்டை போட்ட மனுசி மீனைக் களவாக எடுத்துக்கொண்டு போறா. கவனம்.” அவர் நல்லது நினைத்துத்தான் எழுதினார். அதற்குக் கீழே மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். “ஐயோ அக்கா, நானும் கண்டனான்.” “நல்ல மீன் அங்கால போகுது, மிச்சம் எங்களுக்கோ?” “இதுதான் மறைக்கிறதுக்கு ஒண்டுமில்லையோ?”

அந்தக் கடைசி வரி அவளைச் சுட்டது.

விளக்கம் சொல்லியிருக்கலாம். இப்படி ஒரு வழக்கம், இது அவவின் பங்கு என்று. ஆனால் அதைச் சொல்ல நேரம் எடுக்கும். சொன்னாலும், கண்டவர் கையெல்லாம் பட்ட மீனையா எங்களுக்குத் தருகிறீர்கள் என்று பட்டினத்துக்காரர் கேட்பார்கள். எல்லாம் ஒரு நொடிக்குள் அவள் தலைக்குள் ஓடியது. கை தன்பாட்டில் தலைமயிரை ஒதுக்கியது. முகம் தன்பாட்டில் சிரித்தது.

“ஓம் ஐயா, நானும் கண்டனான். இனி விடமாட்டம். நீங்கள் யோசியாதேங்கோ,” என்றாள்.

உண்மையில் அவள் ஒன்றையும் காணவில்லை. அவள் கடலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். காணாததைக் கண்டதாகவும், பங்கைக் களவு என்பதாகவும் இரண்டு பொய்யை ஒரே மூச்சில் சொன்னது அவளுக்கு அந்த நேரமே தெரிந்தது. ஆனால் கேள்விகள் நின்றுவிட்டன. எல்லோரும் பெருவிரலை உயர்த்திக் காட்டினார்கள். அன்று மீன் முழுவதும் அந்த இடத்திலேயே விற்றுப்போனது.

பின்னேரம் அந்தத் துண்டை யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள். யோகமலர் இரண்டு பக்கமும் பார்ப்பது, குனிவது, விறுவிறென்று நடப்பது. அதற்குப் பின்னால் ஒரு பகிடி இசை. கடைசியில் வசந்தினியின் முகமும் குரலும்: “நானும் கண்டனான். இனி விடமாட்டம்.” மேலே ‘திருமலை மீன் கள்ளி’ என்று எழுத்து. அந்தக் குரல் இல்லாவிட்டால் அது வெறும் சந்தேகம். குரல் இருந்ததால் சாட்சியாகிவிட்டது. வெறுமடியைக் காட்டி உண்மை சொன்ன பிள்ளையே சொல்லிவிட்டாளே!

வசந்தினி தன் பக்கத்திலிருந்து அந்த லைவை அழித்தாள். ஆனால் வெட்டிய துண்டு அவள் கைக்குள் இல்லை. மூதூரிலும் கிண்ணியாவிலும் பார்த்தார்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பார்த்துவிட்டு இங்கே திருப்பி அனுப்பினார்கள். அதோடு, சொல்லவே கூசுகிறது, அவளுடைய பக்கமும் வளர்ந்தது. கண்டிப்பான பிள்ளை, இந்தப் பிள்ளையின் மீனை நம்பி வாங்கலாம் என்று புதிது புதிதாக ஆட்கள் சேர்ந்தார்கள். திலக்சனின் ஓட்டோ இரண்டு தரம் ஓடவேண்டி வந்தது.

அடுத்த நாள் யோகமலர் கரைக்கு வரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள், இழுத்தார்கள். மடி வந்தது. வசந்தினி அன்றைக்கு ஸ்டாண்டை ஊன்றவில்லை, போனைக் கையிலேயே வைத்திருந்தாள். இருந்தாலும் பெடியன்கள் விடவில்லை.

“அக்கா, கமராவை அங்கால பிடியுங்கோ. நான் மூக்கைச் சொறிஞ்சாலும் கள்ளன் எண்டு பேர் வந்திடும்,” என்றான் திலக்சன்.

“உன்ர மூஞ்சைக்குச் சொறியாட்டியும் வரும்,” என்று மற்றவன் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். வசந்தினியும் சிரித்தாள். போனைக் கடல் பக்கம் திருப்பினாள்.

குஞ்சித்தம்பி கடலில் இறங்கினார். வழக்கத்தைவிட நெடுநேரம் நின்றார். திரும்பி வந்து பார்த்தார். குவியல் கொட்டியது கொட்டினபடியே கிடந்தது. ஓரம் சரியவில்லை. ஒருவர் கையும் அதில் படவில்லை. ஆட்கள் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு வெறும் கையோடு போய்க்கொண்டிருந்தார்கள்.

அவரிடம் இருப்பது பழைய பட்டன் போன். வீடியோ ஒன்றையும் அவர் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்துகொண்டு திலக்சனைக் கூப்பிட்டுக் காட்டச் சொன்னார். ஒருதரம் பார்த்தார். இன்னொருதரம் போடச் சொன்னார். திலக்சன் போன பிறகு மகளைப் பார்த்தார். அவர் ஏசப்போகிறார் என்று அவள் நினைத்தாள். ஏசினால் நல்லது என்றுகூட நினைத்தாள்.

“நான் கடலைப் பாத்துக்கொண்டு நிண்டன். நீ என்னத்தைப் பாத்தனீ?” என்றார்.

“நானும் கடலைத்தான் அப்பா.”

“அப்ப, கண்டனான் எண்டு ஏன் சொன்னனீ?”

அவர் எழும்பி வளவுக்குள் போய்விட்டார். அதன்பிறகு அதைப் பற்றி அவர் பேசவில்லை. ஒவ்வொரு நாளும் கடலில் இறங்கினார், நின்றார், சரியாத குவியலுக்குத் திரும்பி வந்தார். கயிறு இழுக்க வருகிறவர்கள் குறைந்துகொண்டு போனார்கள்.

விடுதிக்காரர் யோகமலரைக் கொஞ்ச நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்பது வசந்தினிக்குக் கடைத்தெருவில்தான் தெரிய வந்தது. அந்த மனுசன் கோபமாகச் சொல்லவில்லையாம். வருகிறவர்கள் குசினியை எட்டிப் பார்த்து, இவதானே அவ என்று கேட்கிறார்களாம், விடுதிக்குப் பெயர் கெடுமாம். அவருக்கும் ஒரு பேஸ்புக் பக்கம் இருக்கிறது. அவரும் நம்பிக்கையைத்தான் காப்பாற்றினார்.

அன்று வசந்தினி நல்ல பாரையாகப் பார்த்து ஒரு பையில் போட்டுக்கொண்டு யோகமலர் வீட்டுக்குப் போனாள். யோகமலர் வாசலில் இருந்து கணவரின் விரிப்பை அலசிக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் கையை உதறிவிட்டு எழும்பினார்.

“வா பிள்ளை. உள்ளுக்கு வா, கதிரையில இரு.”

வெளியே நிறுத்தி ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த ‘உள்ளுக்கு வா’வைத் தாங்க ஏலவில்லை. உள்ளே போய்க் கதிரையின் நுனியில் இருந்தாள். யோகமலர் தேத்தண்ணி போட்டு வந்து கொடுத்தார்.

“போனைக் கொண்டு வந்தனீயோ? எங்க வைச்சிருக்கிறாய்? ஒருக்கால் தலையைச் சீவிப்போட்டு வாறன்,” என்றார்.

“மாமி…”

“பகிடிக்குச் சொன்னனான். குடி.”

அவள் குடிக்கவில்லை. பையை மெல்ல முன்னுக்குத் தள்ளினாள். “மாமி, இது… மாமாவுக்குக் கஞ்சியோட…”

யோகமலர் பையை எட்டிப் பார்த்தார். தொடவில்லை.

“ஒண்டு கேக்கிறன் பிள்ளை. நான் எடுத்தது களவெண்டு நீ நினைச்சனீயோ?”

“இல்லை மாமி. சத்தியமா இல்லை.”

“உனக்குத் தெரியும்.”

“ஓம்.”

“தெரிஞ்சுகொண்டுதான் சொன்னனீ.”

வசந்தினி தலை குனிந்தாள். உள்ளறையில் கணவர் இருமுவது கேட்டது.

“தெரியாமச் சொல்லியிருந்தா எனக்கு இவ்வளவு நோகாது,” என்றார் யோகமலர். குரலில் ஒரு ஏற்றமும் இல்லை. “இதைக் கொண்டு போ பிள்ளை. நான் கயித்தில கை வைக்காத மீன் இது. இதை வாங்கினால்தான் நான் கள்ளி.”

வசந்தினி பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வழி முழுக்க அது காலில் இடித்துக்கொண்டே வந்தது. வீட்டில் அதைச் சமைக்கவும் மனம் வரவில்லை.

திருத்தம் ஒன்று போடவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். போனில் எழுதினாள், அழித்தாள். ‘ஒரு சிறு விளக்கம்’ என்று தொடங்கினாள். அது சிறிதாக இல்லை. ‘தவறான புரிதல்’ என்று எழுதினாள். யாருடைய தவறு என்று தன்னையே கேட்டுக்கொண்டு அதையும் அழித்தாள். ஒவ்வொரு முறையும் ஒரு பயம்தான் முன்னால் வந்தது. நான் பொய் சொன்னேன் என்று ஒருதரம் ஒப்புக்கொண்டால், செவுளையும் கண்ணையும் தராசையும் காட்டிச் சொன்ன அத்தனையும் பொய்யாகத் தெரியுமே. வெறுமடியைக் காட்டித் தேடிய பெயர் போய்விடுமே. யோகமலரின் பெயர் போனது முன்னால் நிற்க, தன் பெயரைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பதை நினைத்தால் தன்மீதே அருவருப்பாக இருந்தது. இருந்தும் அடுத்த நாளும் பேசாமல்தான் இருந்தாள். அதற்கடுத்த நாளும்.

கடைசியில் அவளை உடைத்தது ஒரு நல்ல வார்த்தை. ஆனந்தராசா லைவில் எழுதினார்: “இந்தக் காலத்தில் ஆரை நம்புறது எண்டு தெரியேல்லை. நாங்கள் உங்களைத்தான் நம்புறம் தங்கச்சி.” வசந்தினி கையில் பிடித்திருந்த மீனைக் கீழே வைத்தாள். “இண்டைக்கு இவ்வளவும்தான்” என்று சொல்லிப் போனை நிறுத்தினாள். நேரே யோகமலர் வீட்டுக்குப் போனாள், இந்த முறை வெறும் கையோடு.

“மாமி, நான் எல்லாருக்கும் உண்மையைச் சொல்லப்போறன். உங்கட பேரைச் சொல்லமாட்டன். உங்களுக்குச் சம்மதமோ?”

யோகமலர் கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

“என்னைக் கேட்டுத்தான் முதல் படத்தைப் போட்டனீயோ?” என்றார். பிறகு, “சொல்லு. என்னை ஒரு பாவமாக் காட்டாத. அது என்ர பங்கு எண்டு மட்டும் சொல்லு,” என்றார்.

அடுத்த நாள் காலை மடி வரும் நேரம் வசந்தினி ஸ்டாண்டை மணலில் ஊன்றினாள். பார்க்கிறவர்கள் நிறையவே சேர்ந்திருந்தார்கள். இழுத்தவர்கள் கமராவைக் கண்டு ஒதுங்கி நின்றார்கள். அவள் சிரிக்கவில்லை. அது ஒன்றுதான் அவள் முன்பே தீர்மானித்து வந்தது.

“நீலச் சட்டை போட்ட அம்மாவைப் பற்றி நான் சொன்னது பொய். நான் ஒண்டையும் காணேல்லை. அவ களவெடுக்கவும் இல்லை. கயிறு இழுத்த ஆக்களுக்குக் கறிக்கு மீன் எடுக்க உரிமை இருக்கு. அது அவவின்ர பங்கு. எனக்கு அது தெரியும். தெரிஞ்சுகொண்டும் நீங்கள் என்னை நம்பவேணும் எண்டதுக்காக அவவைக் காட்டிக் குடுத்திட்டன்.”

கடல் பக்கம் கையைக் காட்டினாள்.

“இந்த ஆக்கள் மீன் எடுக்கிற நேரம் அப்பா கடலைப் பாப்பார். இனி இந்தப் போனும் கடலைத்தான் பாக்கும். அந்த நேரம் இங்க என்ன நடக்குது எண்டு உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அது சரிவராட்டி எங்களிட்ட வாங்காதேங்கோ.”

குஞ்சித்தம்பி தண்ணீருக்குள் இறங்கினார். வசந்தினி ஸ்டாண்டைப் பிடுங்கிக் கடல் பக்கம் திருப்பி ஊன்றினாள். தானும் திரும்பி நின்றாள். திரையில் அலையும் தகப்பனின் முதுகும் மட்டும். பார்க்கிறவர்கள் ஒவ்வொருவராகக் கழன்று போனார்கள். “நாடகம்” என்று ஒருவர் எழுதினார். “அப்ப அண்டைக்கு வித்ததெல்லாம்?” என்று கேட்டார் இன்னொருவர். அவள் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் விட்ட முதல் கேள்வி அது. முதுகுக்குப் பின்னால் மணலில் காலடிகள் கேட்டன. தகப்பன் திரும்பி வந்தபோது குவியலின் ஓரம் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், சரிந்திருந்தது.

அன்று மீன் பாதிதான் விற்றது. மிச்சத்தைக் கூலர் வண்டிக்காரன் எடுத்துக்கொண்டு போனான். மத்தியானம் ஆனந்தராசா அவளுக்குப் போன் எடுத்தார்.

“தங்கச்சி, முதல்ல எழுதினது நான்தானே. நான் நல்லதுக்கெண்டு…” பிறகு கேட்டார்: “அந்த அம்மாவின்ர வீடு எங்க? ஒருக்கால் போய்…”

“வேண்டாம் ஐயா. அவவிட்டக் கேட்டுப்போட்டுச் சொல்லுறன்,” என்றாள்.

யோகமலர் வேண்டாம் என்றுவிட்டார். விடுதிக் குசினிக்கு அதற்குள் வேறு ஒருவரைப் போட்டுவிட்டார்கள். உண்மை தெரிந்த பிறகும் விடுதிக்காரர் கூப்பிடவில்லை. யோகமலர் இப்போது வீட்டில் இடியப்பம் அவித்து அயலுக்குக் கொடுக்கிறார். வசந்தினியின் பக்கம் இன்னும் இருக்கிறது. முன்பு இருந்த அளவு ஆட்கள் இல்லை. இருக்கிறவர்கள் கடலையும் ஒரு முதுகையும் பார்த்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருக்கிறார்கள்.

சில வாரங்களுக்குப் பிறகு ஒரு காலையில் யோகமலர் கரைக்கு வந்தார். கயிற்றின் கடைசி நுனியில் போய்க் கை வைத்தார். திலக்சன் இடம் விட்டு ஒதுங்கிக் கொடுத்தான். பகிடி ஒன்றும் சொல்லவில்லை. மடி வந்தது. குஞ்சித்தம்பி இறங்கினார். போன் கடலைப் பார்த்தது. வசந்தினியும் பார்த்தாள்.

அவளுக்குத் திரும்பவேண்டும் போல் இருந்தது. யோகமலர் குவியலுக்குக் கிட்டப் போகிறாரா, எடுக்கிறாரா என்று ஒருதரம், ஒரே ஒருதரம் கண்டால் போதும். எடுத்தால், மன்னித்துவிட்டார் என்று அர்த்தம். எடுக்காமல் போனால் அதற்கும் அர்த்தம் உண்டு. கழுத்து வலிக்கும் அளவுக்கு ஆசை வந்தது. ஆனால் அவள் திரும்பவில்லை. திரும்பினால் பழைய குற்றத்தை இன்னொருதரம் செய்ததாகும். பின்னால் எத்தனையோ காலடிகள் வந்தன, போயின. அதில் எது யோகமலருடையது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் திரும்பியபோது யோகமலர் தூரத்தில், தாழைப் பற்றைக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தார். கையில் ஏதும் இருந்ததா என்று தெரியவில்லை. இன்றுவரை தெரியாது. நானும் யோகமலரிடம் அதைக் கேட்கவில்லை. அது கேட்கக்கூடாத கேள்வி.

பஸ் நிலையத்தில் என்னைக் கேட்டவரை நான் திரும்பக் காணவில்லை. பகிடி இசை போட்ட அந்தத் துண்டு இன்னும் போன் போனாகப் போய்க்கொண்டிருக்கிறது. வசந்தினி உண்மை சொன்ன லைவை ஒருவரும் வெட்டவும் இல்லை, அனுப்பவும் இல்லை. அதில் சிரிக்க ஒன்றும் இல்லையே. ஆகவே வாசித்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த நீலச் சட்டை வீடியோ உங்களுக்கு யாரிடமிருந்து வந்ததோ அவருக்கும், நீங்கள் யாருக்கு அனுப்பினீர்களோ அவருக்கும் இந்தக் கதையை அனுப்பிவிடுங்கள். அது போன வழியால் இதுவும் போகட்டும்.